அக்காவின் நாக்கும் என் சோப்புத் தண்ணீரும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த காய்ச்சி வடித்த தண்ணீரில் விரலை விட்டு, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது செத்த தண்ணி சார்" என்றார் அங்கே தண்ணீர் பார்க்கிற அக்கா. ஒரு தண்ணீரில் உப்பே இல்லை என்று நிரூபிக்கக் கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. அதோடு விட்டிருக்கலாம். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இத வச்சிக்கிட்டு என்னா சார் பண்ணுவீங்க?" என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் ஏதோ இங்கிலீஷில் பதில் சொன்னேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற சின்னக் கூடம் அது. குதிரை, யானை, கிளி, செடி வைக்கிற தொட்டி என்று எல்லாம் செய்வோம். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கலக்கிப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரமாக மண் படிந்து கெட்டியாகும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே வெற்றிடத்தோடு ஒரு குதிரை நிற்கும். அந்தப் பாலை ஸ்லிப்பு என்பார்கள். ஸ்லிப்பு நன்றாக ஓடினால்தான் குதிரை கிடைக்கும், தயிர் மாதிரி உறைந்துவிட்டால் கிடைக்காது. ஓடுவதும் உறைவதும் பெரும்பாலும் அன்றைக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பொறுத்தது. எங்களுக்குத் தண்ணீர் மூன்று இடத்திலிருந்து வரும். பின்பக்கம் இருக்கிற போர்க் கிணறு, நகராட்சிக் குழாய், லாரி. மூன்றும் ஒரே மாதிரி இரண்டு வாரம் இருந்ததில்லை.

ஆகவே தினமும் காலையில் மூன்று வாளிகளில் மூன்று தண்ணீரைப் பிடித்துக் கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அக்கா வேப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வாளியிலும் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். "இது ஆவும். இது ஆவாது. இது மத்தியானத்துக்கு மேல பாத்துக்கலாம்." அவ்வளவுதான். கலவை போடுகிற ஆட்கள் அதற்குப் பிறகுதான் மோட்டாரைப் போடுவார்கள். பல வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில்தான் முதலாளிக்கு ஒரு ஆசை வந்து, கூடத்துக்கு ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று முடிவு செய்து, வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்த என்னைக் கூப்பிட்டார்.

அக்காவுக்குத் தண்ணீர் மட்டும் என்று இல்லை. எதுவானாலும் நாக்குதான் முதலில் போகும். சூளையிலிருந்து வந்த பொம்மையைத் திருப்பி, பளபளப்புப் பூச்சு படாத அடிப்பாகத்தை நாக்கில் வைப்பார். நாக்கைப் பிடித்து இழுத்தால் வேக்காடு போதாது, இழுக்காமல் வழுக்கினால் சரியாக வெந்திருக்கிறது. மழை வந்தால் வாசல் வரைக்கும் போய் ஒரு சொட்டு வாங்கிப் பார்ப்பார். என் கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "மண்டபத்துல போர்த் தண்ணி, அடியில சுண்ணாம்புப் பாறை இருக்குது" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். அந்தப் பக்கத்து இலைக்காரர் என் மாமனார். மண்டபத்தைப் பிடித்தவரும் அவர்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அக்காவின் அருமை தெரியாது. சேர்ந்த இரண்டாவது மாதம், பேனா மாதிரி ஒரு கருவி வாங்கினேன். தண்ணீரில் நட்டுவைத்தால் அதில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். அன்றைக்கு மூன்று வாளியிலும் நட்டேன். குழாய்த் தண்ணீருக்குப் பெரிய எண், போர்த் தண்ணீருக்குச் சின்ன எண். சின்னதுதானே நல்லது. "இன்னிக்கு போர்த் தண்ணிய ஊத்துங்க" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

அக்கா போர்த் தண்ணீரை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். "வேணாம் சார். இது நாக்குல ஒக்காருது. குழாத் தண்ணி உப்புதான், ஆனா வழிஞ்சி ஓடிடுது."

"அக்கா, மெஷின் பொய் சொல்லாது" என்றேன்.

மெஷின் பொய் சொல்லவில்லை. மொத்தம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அது எண்ணிச் சொன்னது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நான்தான் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீரில் இருந்தது பெரும்பாலும் சோடியம். போர்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும். மண்துகள்களின் மேல் எதிர்மின்சுமை இருக்கும். அதனால் அவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும், ஸ்லிப்பும் ஓடும். ஒற்றைச் சுமையுள்ள சோடியம் அயனி சுற்றியிருந்தால் இந்தத் தள்ளல் பெரிதாகக் கெடாது. இரட்டைச் சுமையோடு கால்சியம் வந்தால் துகள்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். வாளிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஸ்லிப்பு இறுகத் தொடங்கியது. இளக்குவதற்கு சோடியம் சிலிகேட் ஊற்றுவார்கள், நானும் ஊற்றினேன். இளகவில்லை. இன்னும் ஊற்றினேன். அளவு மீறினால் அதுவே இறுக்கிவிடும் என்பதும் எனக்குப் படித்த விஷயம்தான். மூன்றாவது முறை நான் டப்பாவைத் தூக்கியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்க சார். தயிராயிடுச்சு. இனிமே கடைஞ்சா மோருதான் வரும்." அதற்குள் ஊற்றியிருந்த அச்சுகளை இரண்டு நாள் கழித்துப் பிரித்தோம். அறுபது குதிரைகள். ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் முழங்காலில் விரிசல். பலகையில் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. அன்றிலிருந்து கூடத்தில் என் பெயர் குதிரை சார். நான் இல்லாதபோது மட்டும்தான் அப்படிச் சொன்னார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகு டீக்கடையிலேயே "குதிரை சாருக்கு ஒரு டீ" என்று கேட்டது.

அக்கா ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குதிரைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப மண்ணாக்கியபோது, "மண்ணு எங்கியும் போயிடாது சார், மறுபடி கரைச்சிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாக்கைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. களிமண்ணில் சில சமயம் சல்பேட் அதிகமாக வரும். அதைக் கட்டிப்போட பேரியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடியைச் சிட்டிகை அளவு சேர்ப்பது உண்டு. வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொல்லும். பார்க்கக் கோலமாவு மாதிரி இருக்கும். எதைப் பார்த்தாலும் நாக்கில் வைக்கிற ஒருவர் இருக்கிற இடத்தில் இது வந்து இறங்கியபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்ன சாவி என்று கேட்டதும், நான் சொன்ன விளக்கத்தை அவள் நம்பாததும் வேறு கதை.

அக்காவிடம் நேராகவே சொன்னேன். "அக்கா, இது மட்டும் கூடாது. இது விஷ உப்பு."

"உப்புங்கிறீங்க, விஷங்கிறீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்."

விட்டேனா? சாப்பாட்டு நேரம் முழுக்க நடத்தினேன். அச்சு மூடியைத் திருப்பிப் போட்டு, சாக்பீஸால் வட்டம் வட்டமாக வரைந்தேன். "எல்லா உப்பும் சமையல் உப்பு இல்லக்கா. இப்ப நம்ம சாப்புடுற உப்பையே எடுத்துக்குங்க. சோடியத்துகிட்ட வெளிவட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்குது. குளோரினுக்கு வெளிவட்டத்துல ஒண்ணு குறையுது. இது குடுத்துடும், அது வாங்கிக்கும். குடுத்தது பிளஸ் ஆயிடும், வாங்கினது மைனஸ் ஆயிடும். அப்புறம் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சிக்கும். அதுக்குப் பேருதான் அயனிப் பிணைப்பு."

"சேரறதுக்கு முன்னாடி?"

"சோடியத்த தண்ணியில போட்டா தீப்புடிக்கும். குளோரின் விஷ வாயு."

அக்கா சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "ரெண்டு கெட்டது சேந்தா நல்லதாயிடுதா? எங்க மாமியாவும் எங்க வூட்டுக்காரரும் நான் வந்த நாளா இருவது வருஷமா சேந்தேதான் இருக்குறாங்க சார். ஒண்ணும் ஆவலியே."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. நான் மட்டும் சிரிக்காமல் அடுத்த வட்டத்தைப் போட்டேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குடுத்ததுக்கு என்னா சார் மிச்சம்?"

"நிம்மதிதான்கா. வெளியில ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அது போனா உள்ள இருக்கிற வட்டம் முழுசா நிக்கும்."

"சரி. வாங்கினது சொல்லுமா, இன்னாருதான் எனக்குக் குடுத்தாங்கன்னு?"

"எலக்ட்ரானுக்கு அடையாளம் கிடையாதுக்கா. யாருதுன்னு கண்டுபுடிக்கவே முடியாது. குளோரின் சொல்லாது."

"அப்ப அது நம்ம ஜனந்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா கை கழுவப் போனார். பேரியம் டப்பாவின் பக்கம் அவர் கடைசி வரைக்கும் போகவில்லை. பாடம் புரிந்ததாலா, நான் மறுபடி நடத்திவிடுவேன் என்ற பயத்தாலா என்று எனக்குத் தெரியாது.

இப்படி ஏழெட்டு வருடம் ஓடியது. அவர் நாக்கில் வைத்துச் சொல்வார், நான் ஆய்வு செய்து தாளில் எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போவதைப் பார்த்து, தாள் எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்கே தோன்றியது.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று இளைத்திருந்தார். வழக்கம்போல வாளிகளிடம் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ரொம்ப நேரம் நின்றார். "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நேராக என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சார், நாக்கு செத்துப்போச்சு" என்றார். "சக்கரையும் மண்ணும் ஒண்ணாத்தான் இருக்குது. வூட்ல கொழம்பு வச்சா புள்ளைங்க துப்புதுங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, ஆனால் கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, உண்மையைச் சொல்வதென்றால், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனது. ஒருவழியாக என்னால் ஆகிற காரியம் ஒன்று வந்துவிட்டது.

பொதுமுடக்கத்தில் என் ஆய்வுச் சாமான்கள் தீர்ந்திருந்தன. ஆனால் கடின நீரைக் கண்டுபிடிக்கத் துணி சோப்பு போதும். சோப்பில் இருக்கிற சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் வந்து உட்கார்ந்தால் நுரை வராது, வெள்ளையாகத் திரிந்துபோகும். தினமும் ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து, நானே பிடித்துவைத்த மூன்று வாளியிலிருந்தும் ஒரு குவளை எடுத்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குவேன். நன்றாக நுரைத்தால் அந்த வாளியின் பிடியைச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து வைப்பேன். திரிந்தால் வாசல் பக்கம். அக்கா வருவார். பிடியை ஓரக்கண்ணால் பார்ப்பார். விரலை நனைத்து நாக்கில் வைத்து, கண்ணை வேறு மூடிக்கொள்வார். முன்பெல்லாம் அவர் கண்ணை மூடியதே இல்லை. "கொஞ்சம் கம்மியா நடிங்கக்கா" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சும்மா இருங்க சார், அவங்களுக்குப் புடிச்சிருக்குது" என்றார்.

பல வருடமாகத் தாளில் எழுதி நான் கொடுத்ததை யாரும் நம்பவில்லை. அதே முடிவை அக்கா வாயால் கேட்டதும் ஆட்கள் உடனே மோட்டாரைப் போட்டார்கள். நான் மூலையில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் என் வேதியியலுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது, அதையும் வேறொருவர் பெயரில்தான் வாங்கினேன்.

ஆவணி மாதத்தில் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆர்டர் பாதியாகிவிட்டது என்று சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி பாக்க ரெண்டு பேரு எதுக்கு? தீபாவளி வரைக்கும் பாப்போம். அப்புறம் ஒருத்தரு போதும்."

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் யாரைக் கேட்டாலும் குதிரை சார் என்றுதான் சொல்வார்கள். எனக்கு வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அக்காவுக்கு நாக்கு இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை நிற்கும், அவர் வேலை போகும். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். ராத்திரி என் மனைவியிடம், "நான் நெனச்சா இப்பவே சொல்லிடலாம். ஆனா நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றேன். குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே, "சரி, அந்தத் துண்ட எடுங்க" என்றாள் அவள்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அக்கா தானாகவே கலவைக்கூடத்தை விட்டு ஃபினிஷிங் பக்கம் போய்விட்டார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் மேல் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு மடிப்பாக நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். குனிந்தே இருக்கிற வேலை, கூலியும் குறைவு. "காலையில மட்டும் வந்து வாளிய பாத்துட்டுப் போறேன்" என்றார். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஒதுங்கிவிட்டார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. என் வேலை மட்டும் எப்படியோ தப்பியது. ஏன் என்று முதலாளி சொல்லவில்லை. என் திறமையைக் கடைசியில் புரிந்துகொண்டார் என்று நான் முடிவு செய்தேன். அந்த மாதம் ஒரு புதுச் சட்டைகூட எடுத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் நான் பிடிகளைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், தரை பெருக்குகிற அம்மா வாளிகளை நகர்த்தி, எல்லாப் பிடியையும் ஒரே பக்கம் சாய்த்து வைத்திருந்தார். அதற்குள் அக்கா வந்து சோதித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். இனி எச்சரிக்க வழியில்லை. அக்கா மூன்றையும் நாக்கில் வைத்துவிட்டு, "லாரித் தண்ணி ஆவாது, மத்தது ரெண்டும் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சோப்பும் அதையேதான் சொல்லியிருந்தது. நல்லவேளை, குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் பெருமூச்சு விட்டேன். இதைவிட மட்டமாக ஒரு எம்.எஸ்சி.க்காரன் யோசிக்க முடியாது.

பங்குனியில் என் மனைவி குழந்தையோடு மங்கலம்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நானே எலுமிச்சம்பழச் சாதம் கிளறிக் கட்டிக்கொண்டு வந்தேன். மத்தியானம் ஃபினிஷிங் பக்கம் போய் அக்கா எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவர் ஒரு கை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பே போடலியே சார்" என்றார்.

நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். ஆமாம். போடவில்லை. சோடியம் குளோரைடைப் பற்றி ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசியவன், சோற்றில் போட மறந்திருந்தேன். இரண்டாவது வாய் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுரண்டிக்கொண்டிருந்த கிளியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பக்கா வந்துச்சு?"

"பொரட்டாசியிலயே வந்துடுச்சு."

தீபாவளி ஐப்பசியில். அவர் கலவைக்கூடத்தை விட்டுப் போனது அதற்கு நாலு நாள் முன்னால். எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறியது.

"அப்ப ஏன்கா இங்க வந்தீங்க? ஏன் சொல்லல?"

அக்கா பஞ்சை நனைத்துக் கிளியைத் துடைத்தார். "உங்களுக்கு வேற வேல தெரியாதே சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கை ஒடிந்தவருக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அக்கறையாகத்தான் சொன்னார். "நான் மடிப்பு சொரண்டுவேன், முந்திரி ஒடைக்கப் போவேன், கரும்பு வெட்டுவேன். உங்களுக்கு என்னா தெரியும்? கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு எங்க போயி நிப்பீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, அவர் சொன்னது சரி என்பதுதான் தாங்க முடியவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனேன். அக்காவுக்கு நாக்கு சரியாகிவிட்டது, அவரைப் பழைய இடத்தில் போடுங்கள், போக வேண்டியது நான்தான் என்று சொல்வதாகத் தீர்மானம். போகிற வழியில் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "முதலாளி, அக்கா விஷயமா பேசணும். அவங்க நாக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் எனக்குத் தெரியுமே தம்பி" என்றார் அவர். "தீபாவளிக்கு முன்னாடியே அந்தம்மா வந்து சொல்லிடுச்சு. நாக்கு செத்துப்போச்சுங்க, திரும்ப வராதுன்னு சொல்றாங்க, இத்தன நாளும் சாருதான் சோப்புப் போட்டுப் பாக்குறாரு, அவர அனுப்பிட்டா தண்ணி பாக்க ஆளு இருக்காதுன்னு. ஆளுங்க உன்ன நம்ப மாட்டாங்களாம், அதனால காலையில மட்டும் வந்து நாக்க நீட்டிட்டுப் போறேன்னுச்சு. ரெண்டு பேரும் நல்லாத்தான் நாடகம் போடுறீங்க."

அவர் சிரித்தார். நான் ரகசியம் காத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெருந்தன்மையாகக் காக்கிறேன் என்று நான் மார்தட்டிக்கொண்ட ரகசியத்தை அக்கா தன் வாயாலேயே எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். அதோடு, திரும்பி வந்துவிட்ட நாக்கை வரவே வராது என்றும் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் அவருக்கு இருந்த பேர் அந்த ஒன்றுதான்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் முதலாளி.

இந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். நாக்கு வந்துடுச்சுங்க. வாய்வரைக்கும் வந்தது. ஊரிலிருந்து மனைவி கொண்டுவரப் போகிற குழந்தையின் மருந்துச் சீட்டு நினைவுக்கு வந்தது. எனக்கு வேறு வேலை தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

"இல்லீங்க. அதான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை நான் பிடிகளைச் சாய்க்கவில்லை. மூன்றையும் நட்டநடுவில் நிமிர்த்தி வைத்துவிட்டு மூலையில் நின்றேன். அக்கா வந்தார், பார்த்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடவில்லை. "குழாத் தண்ணி ஆவும்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பினார். முதலாளியிடம் போய் வந்தேன் என்பது அவருக்குத் தெரியும். நான் என்ன சொல்லாமல் வந்தேன் என்பதும் என் முகத்திலேயே தெரிந்திருக்கும். "சாப்டீங்களா சார்? இன்னிக்காவது உப்பு போட்டீங்களா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஆனியில் அவர் மகளுக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ளப் போனவர் அங்கேயே ஒரு பனியன் கம்பெனியில் துணிப் பீஸ் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கிளம்புகிற அன்று கூடத்துக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், "போயிட்டு வரேன் சார். தண்ணிய பாத்துக்கோங்க" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பை கனமாக இருந்தது, அதை மட்டும் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

நான் இன்னமும் அதே கூடத்தில்தான் இருக்கிறேன். காலையில் ஆட்கள் மூன்று வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். சோப்பு முடிவை அறைக்குள் தெரிந்துகொண்டுதான் வருவேன், ஆனாலும் அவர்கள் எதிரில் விரலை நனைத்து நாக்கில் வைக்காவிட்டால் மோட்டாரைப் போட மாட்டேன் என்கிறார்கள். வைக்கிறேன். மூன்றும் எனக்குத் தண்ணீராகத்தான் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொள்கிறேன். அதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

முதலாளிக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. இந்த மாதிரி நான் எழுதுவது அச்சில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுத்து விடாமல் படிப்பார். அதனால்தான் நாலு வருடமாக இதை எழுதாமல் இருந்தேன். அக்காவின் நாக்கு அந்தப் புரட்டாசியிலேயே திரும்பி வந்துவிட்டது, முதலாளி. போயிருக்க வேண்டியவன் நான். குளோரின் சொல்லாது என்று அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன், இந்தக் குளோரின் லேட்டாகத்தான் சொல்கிறது. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வருவேன். வாளிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் இல்லையென்றால், ஃபினிஷிங் பக்கம் மடிப்பு சுரண்ட ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.